ஹப்புக்குப் பின் ஹப்: எத்தனை வரை தொடுக்கலாம்?



"ஒரு யூ.எஸ்.பி முறைமையில் ஆகக்கூடியது எத்தனை சாதனங்களை இணைக்கலாம்?" என்று வகுப்பில் கேட்டால் பலர் உடனே "127" என்று சொல்வீர்கள். விடை சரிதான். ஆனால் அடுத்த கேள்வியோடு வகுப்பு அமைதியாகிவிடும். "அப்படியானால் ஒரு ஹப்பில் இன்னொரு ஹப், அதில் மற்றொரு ஹப் என்று செருகிக்கொண்டே போகலாமா?"

போக முடியாது. ஐந்து ஹப்புகளுடன் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஏன் ஐந்து? நான்காகவோ பத்தாகவோ ஏன் இல்லை? 127 என்ற எண் எங்கிருந்து வந்தது? இந்தக் கட்டுரை இவற்றை ஒவ்வொன்றாக விளக்குகிறது. காரணம் தெரிந்தவருக்கு எண் மறக்காது. வினாவை எப்படித் திருப்பிக் கேட்டாலும் அவர் விடை எழுதுவார்.

இது பரீட்சைக்கு மட்டும் உரிய விடயமும் அன்று. பாடசாலைக் கணினி அறையில் ஒரு கணினியில் இரண்டு துறைகளே வேலை செய்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஹப்பைப் பூட்டுகிறீர்கள். அது போதாமல் அதில் இன்னொன்றைப் பூட்டி, அதன் முனையில் வெளி வன்தட்டைச் செருகி, மூன்று மாதம் செய்த செயற்றிட்டத்தைப் பிரதி செய்கிறீர்கள். பாதியில் வன்தட்டு "டிக், டிக்" என்று சத்தமிட்டு நின்றுவிடுகிறது. கோப்பு பழுதாகிவிட்டது. "வைரஸ்" என்று ஒருவர் சொல்வார். "வன்தட்டு போய்விட்டது" என்று இன்னொருவர் சொல்வார். உண்மையான காரணம் பெரும்பாலும் அந்த ஹப் சங்கிலியில்தான் இருக்கும்.

1. துறையும் ஹப்பும்

திருகோணமலை மாவட்டத்தில் பிறந்த உங்களுக்குத் துறை என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. தோணி வந்து சேருமிடம் துறை. கணினியில் வெளிச்சாதனங்கள் வந்து சேருமிடமும் துறையே.

முற்காலக் கணினிகளில் ஒவ்வொரு சாதனத்திற்கும் தனித்தனித் துறை இருந்தது. அச்சுப்பொறிக்குச் சமாந்தரத் துறை, மோடத்திற்குத் தொடர் துறை, சாவிப்பலகைக்கும் சுட்டிக்கும் வட்ட வடிவத் துறைகள். இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்காக இன்டெல், மைக்ரோசொப்ட், ஐ.பி.எம், கொம்பக் உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் சேர்ந்து ஒரு பொதுத் தரத்தை உருவாக்கின. அதன் முதற் பதிப்பு 1996 ஜனவரியில் வெளிவந்தது. இப்பணியில் முன்னின்றவர்களுள் ஒருவர் இந்தியாவில் பிறந்து, பரோடாப் பல்கலைக்கழகத்தில் பயின்று, இன்டெலில் பணியாற்றிய அஜய் பட்.

யூனிவர்சல் சீரியல் பஸ் என்பதன் சுருக்கமே யூ.எஸ்.பி. தமிழில் அகிலத் தொடர்ப் பாட்டை எனலாம். பாட்டை என்றால் பலரும் பயன்படுத்தும் பொதுப்பாதை. "பொது" என்ற இச்சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வரம்புகளிற் பல இதிலிருந்தே பிறக்கின்றன.

ஹப் என்பது ஒரு துறையைப் பல துறைகளாகப் பிரித்துக் கொடுக்கும் சாதனம். கணினியின் உள்ளேயே ஒரு ஹப் இருக்கிறது. அதை வேர் ஹப் என்போம். அதிலிருந்து மற்ற ஹப்புகளும் சாதனங்களும் மரத்தின் கிளைகளைப் போலப் பிரிகின்றன. வலையமைப்பு இடவியல் பாடத்தில் படித்த நட்சத்திர இடவியலைப் படிபடியாக அடுக்கினால் கிடைக்கும் வடிவம் இது.

இந்த அடுக்குகளின் தொகை ஏழு:

முதலாம் படி: கணினியினுள்ளே உள்ள வேர் ஹப்.
இரண்டாம் படி முதல் ஆறாம் படி வரை: நாம் பூட்டும் ஹப்புகள் அல்லது சாதனங்கள்.
ஏழாம் படி: சாதனம் மட்டும். இங்கு ஹப் வைக்க முடியாது.

ஆகவே கணினிக்கும் கடைசிச் சாதனத்திற்கும் இடையில் ஆகக்கூடியது ஐந்து வெளி ஹப்புகளே இருக்கலாம்.

2. முதலாம் வரம்பு: முகவரி

பாதை பொதுவானது என்பதால் செய்தி யாருக்கு உரியது என்று தெரிய வேண்டும். எனவே ஒரு சாதனத்தைச் செருகியவுடன் கணினி அதற்கு ஓர் எண்ணை முகவரியாகக் கொடுக்கிறது. இம்முகவரி 7 பிட்டு நீளமுடையது.

துவித எண் பாடத்தை நினைவுபடுத்துங்கள். 7 பிட்டுகளால் எழுதக்கூடிய எண்களின் தொகை 2 இன் 7 ஆம் வலு, அதாவது 128. அவை 0 முதல் 127 வரை. இவற்றுள் 0 ஆனது புதிதாகச் செருகப்பட்டு இன்னும் முகவரி கிடைக்காத சாதனத்திற்கென ஒதுக்கப்பட்டுள்ளது. 128 இலிருந்து 1 போக எஞ்சுவது 127.

இங்கே மாணவர்கள் கவனிக்கத் தவறுவது ஒன்றுண்டு. ஹப்பும் ஒரு சாதனம்தான். அதற்கும் ஒரு முகவரி வேண்டும். ஆகவே 127 என்பது ஹப்புகளையும் சேர்த்த தொகை.

ஒரு சிறு கணக்கு: நான்கு துறைகள் உள்ள ஹப்புகள் ஐந்தை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தால் எத்தனை சாதனங்களைச் செருகலாம்? முதல் நான்கு ஹப்புகளிலும் ஒவ்வொரு துறை அடுத்த ஹப்புக்குப் போய்விடும். ஒவ்வொன்றிலும் மூன்று எஞ்சும். கடைசி ஹப்பில் நான்கும் எஞ்சும். 4 × 3 + 4 = 16. ஐந்து ஹப்புகளையும் சேர்த்து 21 முகவரிகளே செலவாகின்றன. அதாவது இந்தச் சங்கிலியில் 127 ஐ நெருங்குவதற்கு வெகு முன்னரே ஐந்து என்ற வரம்பு வந்துவிடுகிறது. 127 ஐ எட்ட வேண்டுமானால் நீளத்தில் அல்ல, அகலத்தில் கிளை பரப்ப வேண்டும்.

3. இரண்டாம் வரம்பு: நேரம்

ஐந்து என்ற எண்ணின் இரகசியம் இங்கேதான் இருக்கிறது.

வகுப்பாசிரியர் வரவுப் பதிவேடு கூப்பிடுவதை எண்ணிப் பாருங்கள். ஆசிரியர் பெயர் சொல்லாமல் யாரும் வாய் திறப்பதில்லை. பெயர் சொன்னதும் குறித்த நேரத்திற்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் "வரவில்லை" என்று குறித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். யூ.எஸ்.பி 2.0 வரையான முறைமை இப்படித்தான் இயங்குகிறது. சாதனம் தானாகப் பேசாது. கணினி கேட்டால் பதில் சொல்லும். அந்தப் பதிலுக்குக் கணினி காத்திருக்கும் நேரம் வரையறுக்கப்பட்டது.

சமிக்ஞை வடத்தில் ஓடுவதற்கு நேரம் எடுக்கும். ஒவ்வொரு ஹப்பும் அதை வாங்கித் திரும்ப அனுப்புவதற்கும் நேரம் எடுக்கும். ஹப்புகள் கூடக்கூட பதில் பிந்தும். செக்கனுக்கு 12 மெகாபிட்டு வேகத்தில் இயங்கும் சாதனத்திற்கான கணக்கைச் செய்து பார்ப்போம். ஒரு நனோ செக்கன் என்பது செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கு.

தரத்தில் தரப்பட்டுள்ள அளவுகள்:

ஒரு பிட்டுக்கான நேரம் = 1 ÷ 12,000,000 செக்கன் = 83.3 நனோ செக்கன்.
கணினி குறைந்தது 16 பிட்டு நேரம் காத்திருக்க வேண்டும் = 1333 நனோ செக்கன்.
சாதனம் யோசித்துப் பதில் தொடங்க ஆகக்கூடியது 6.5 பிட்டு நேரம் = 542 நனோ செக்கன்.
ஒரு ஹப்பும் அதன் வடமும் ஏற்படுத்தக்கூடிய தாமதம் = ஆகக்கூடியது 70 நனோ செக்கன்.
சாதனத்தின் கடைசி வடம் = ஆகக்கூடியது 26 நனோ செக்கன்.

ஐந்து ஹப்புகள் இருந்தால்:

ஒரு வழித் தாமதம் = 5 × 70 + 26 = 376
போக வர = 2 × 376 = 752
சாதனத்தின் நேரத்துடன் = 752 + 542 = 1294 நனோ செக்கன்

1294 ஆனது 1333 இலும் குறைவு. பதில் நேரத்துக்கு வந்துவிடுகிறது.

ஆறு ஹப்புகள் இருந்தால்:

ஒரு வழித் தாமதம் = 6 × 70 + 26 = 446
போக வர = 892
சாதனத்தின் நேரத்துடன் = 892 + 542 = 1434 நனோ செக்கன்

1434 ஆனது 1333 ஐத் தாண்டிவிட்டது. பதில் வழியில் வந்துகொண்டிருக்கும்போதே கணினி "இல்லை" என்று முடிவு செய்துவிடக்கூடும்.

"ஆறாவது ஹப்பைப் பூட்டினேன், சாதனம் வேலை செய்ததே!" என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். மேலே நாம் எடுத்தவை யாவும் ஆகக்கூடிய தாமதங்கள். வடங்கள் குட்டையாகவும் ஹப்புகள் விரைவானவையாகவும் இருந்தால் பதில் முந்தி வரலாம். மேலும் கணினி காத்திருப்பை நிறுத்தியே ஆகவேண்டிய எல்லை 18 பிட்டு நேரம், அதாவது 1500 நனோ செக்கன். 1333 க்கும் 1500 க்கும் இடையில் ஒரு கணினி காத்திருக்கும், இன்னொன்று கைவிட்டுவிடும். ஒரு தரம் என்பது அதிர்ஷ்டத்தை நம்பி எழுதப்படுவதில்லை. எந்தக் கடையில் வாங்கிய எந்த ஹப்பும் எந்தக் கணினியிலும் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகவே ஐந்துடன் கோடு போடப்பட்டது. விண்டோஸ், லினக்ஸ் போன்ற பணிசெயல் முறைமைகளும் இக்கோட்டைத் தாண்டிய ஹப்பை ஏற்க மறுத்துவிடும்.

2000 ஏப்ரலில் வந்த யூ.எஸ்.பி 2.0 இல் வேகம் 480 மெகாபிட்டாகக் கூடியது. 2008 நவம்பரில் வந்த யூ.எஸ்.பி 3.0 இல் அது 5 கிகாபிட்டாயிற்று. வேகங்கள் மாறினாலும் ஐந்து ஹப் என்ற வரம்பு அப்படியே இருக்கிறது.

வடத்தின் நீளத்திற்கும் இதே காரணம்தான். யூ.எஸ்.பி 2.0 இல் ஒரு வடம் ஆகக்கூடியது 5 மீற்றர். ஐந்து ஹப்புகளுக்கு இடையேயும் இரு முனைகளிலுமாக ஆறு வடங்கள். 6 × 5 = 30 மீற்றர். இதுவே கணினியிலிருந்து கடைசிச் சாதனம் வரையான ஆகக்கூடிய தூரம். கடைகளில் கிடைக்கும் மின்சுற்றுப் பொருத்திய நீட்டிப்பு வடமும் ஒரு துறை மட்டுமுள்ள ஹப்பே. அதையும் ஐந்தில் ஒன்றாக எண்ண வேண்டும்.

4. மூன்றாம் வரம்பு: மின்வலு

ஏட்டில் ஐந்து ஹப் என்றாலும் வீட்டில் இரண்டாவது ஹப்பிலேயே பிரச்சினை தொடங்குவது ஏன்? விடை மின்னோட்டத்தில் இருக்கிறது.

யூ.எஸ்.பி 2.0 துறை ஒன்று 5 வோல்ற்றில் ஆகக்கூடியது 500 மில்லி அம்பியர் தரும். இது 100 மில்லி அம்பியர் கொண்ட ஐந்து பங்குகளாகக் கணக்கிடப்படுகிறது. தனியான வலு வழங்கி இல்லாத ஹப்பை எடுத்துக்கொள்வோம். அது கணினியிடம் 500 வாங்கி, ஒரு பங்கைத் தனக்கு வைத்துக்கொண்டு, மீதி நான்கு பங்கையும் துறைக்கு 100 வீதம் கொடுக்கிறது. இத்தகைய ஹப்புக்குத் தரம் நான்கு துறைகளையே அனுமதிப்பதன் காரணம் இதுதான்.

இப்போது அந்த 100 மில்லி அம்பியர் துறையில் இதே போன்ற இன்னொரு ஹப்பைப் பூட்டுங்கள். அதற்குக் கிடைத்த ஒரே பங்கு அதன் சொந்தத் தேவைக்கே போய்விடும். அதன் துறைகளுக்குக் கொடுக்க எதுவும் இல்லை. எனவே தரத்தின்படி வலு வழங்கி இல்லாத ஹப்பில் வலு வழங்கி இல்லாத இன்னொரு ஹப்பைத் தொடுக்கக் கூடாது.

மலிவான பல ஹப்புகள் இக்கணக்கைப் பார்ப்பதில்லை. அவை கேட்பவருக்கெல்லாம் மின்னோட்டத்தை விட்டுக்கொடுக்கும். அப்போது விஞ்ஞானப் பாடத்தில் படித்த ஓமின் விதி தன் வேலையைக் காட்டும். அழுத்த வேறுபாடு = மின்னோட்டம் × தடை. ஒவ்வொரு வடத்தினதும் இணைப்பினதும் தடை 0.4 ஓம் என்றும், முனையிலுள்ள வன்தட்டு 0.5 அம்பியர் இழுக்கிறது என்றும் கொள்வோம். ஒரு வடத்தில் இழக்கப்படுவது 0.5 × 0.4 = 0.2 வோல்ற்று. மூன்று வடங்களில் 0.6 வோல்ற்று. 5 வோல்ற்றில் புறப்பட்டது 4.4 ஆக வந்து சேர்கிறது. வலு வழங்கி இல்லாத ஹப்பின் துறையில் அனுமதிக்கப்படும் ஆகக் குறைந்த அளவு 4.4 தான். நான்காவது வடத்துடன் அது 4.2 ஆகிவிடும்.

சாவிப்பலகையும் சுட்டியும் சிறிதளவே மின்னோட்டம் எடுப்பதால் சமாளித்துக்கொள்ளும். சுழலும் வன்தட்டால் முடியாது. அது சுழலத் தொடங்கும், அழுத்தம் விழும், நின்றுவிடும், மீண்டும் தொடங்கும். முன்னர் சொன்ன "டிக், டிக்" சத்தத்துக்கு இது ஒரு முக்கிய காரணம். எழுதிக்கொண்டிருக்கும்போது இது நடந்தால் கோப்பு பழுதாகும்.

யூ.எஸ்.பி 3.0 இல் ஒரு துறைக்கு 900 மில்லி அம்பியர் வரை கிடைக்கும். எண் கூடினாலும் பங்கீட்டுக் கணக்கு மாறவில்லை.

5. நான்காம் வரம்பு: பாதையின் அகலம்

கிண்ணியாப் பாலத்தை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். 396 மீற்றர் நீளமான இப்பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்படும் வரை மக்கள் பாதையில் ஏறித்தான் அக்கரை சென்றார்கள். பாலத்தின் இப்பக்கத்தில் எத்தனை வீதிகள் பிரிந்தாலும், அவ்வழியே திருகோணமலைக்குப் போகும் வாகனங்கள் யாவும் அந்த ஒரே பாலத்தில் ஏறியாக வேண்டும். ஊருக்குள் புதிதாகப் பத்து வீதிகள் போட்டாலும் பாலம் அகலமாகாது.

ஹப்பும் இப்படியே. துறைகளைக் கூட்டலாம்; பாதையை அகலமாக்க முடியாது. யூ.எஸ்.பி 2.0 இன் 480 மெகாபிட்டு என்பது செக்கனுக்கு 480 ÷ 8 = 60 மெகாபைற்று. இரண்டு வன்தட்டுகள் ஒரே நேரத்தில் பிரதி செய்தால் ஏட்டுக் கணக்கில் ஆளுக்கு 30. நடைமுறையில் கட்டுப்பாட்டுச் செய்திகளுக்கும் இடம் போவதால் இதைவிடக் குறையும்.

ஒரு பிழையான விளங்கலைத் திருத்திக்கொள்ளுங்கள். "ஒவ்வொரு ஹப்பிலும் வேகம் பாதியாகும்" என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படியில்லை. வேகம் பங்குபோவது ஒரே நேரத்தில் வேலை செய்யும் சாதனங்களின் எண்ணிக்கையாலே அன்றி, இடையில் உள்ள ஹப்புகளின் எண்ணிக்கையால் அல்ல. ஐந்தாவது ஹப்பின் முனையில் ஒரே ஒரு வன்தட்டு மட்டும் போதிய வலுவுடன் இயங்கினால் அதற்கு ஏறத்தாழ முழுப் பாதையும் கிடைக்கும். ஆனால் இடையில் ஒரு ஹப் பழைய 12 மெகாபிட்டு வகையானால் அதற்குப் பின்னால் உள்ள யாவும் அந்த வேகத்துக்கே இறங்கிவிடும்.

6. கண்ணுக்குத் தெரியாத ஹப்புகள்

"நான் மூன்று ஹப்தான் பூட்டினேன், நான்காவதைக் கணினி ஏற்கவில்லை" என்று சொல்லும் மாணவர்கள் உண்டு. அவர்கள் எண்ணாமல் விட்ட ஹப்புகள் மறைந்திருக்கும். துறைகள் உள்ள சாவிப்பலகைக்குள் ஒரு ஹப் இருக்கிறது. துறைகள் உள்ள திரைக்குள்ளும் இருக்கிறது. சில கணினிகளில் தாய்ப்பலகையிலேயே வேர் ஹப்புக்கு அப்பால் இன்னொன்று பொருத்தப்பட்டிருக்கும். ஏழு துறைகள் கொண்ட ஹப் ஒன்றைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் நான்கு துறைச் சில்லுகள் இரண்டு தொடுக்கப்பட்டிருக்கும். வெளியே ஒன்றாகத் தெரிவது உள்ளே இரண்டு படிகளை எடுத்துவிடும்.

இன்னொரு வினா எழலாம். கடைசி ஹப்பை முதல் ஹப்புடன் இணைத்து வளையமாக்கினால் என்ன? பாட்டையில் வளையம் கூடாது. அதனால்தான் வடத்தின் இரு முனைகளும் வெவ்வேறு வடிவில் அமைக்கப்பட்டன. கணினிப் பக்கம் தட்டையான ஏ வகை. சாதனப் பக்கம் சதுரமான பீ வகை. பிழையாகச் செருகவே முடியாது. சட்டம் எழுதிக் காட்டுவதை விட வடிவத்தால் தடுப்பது நல்லது என்பதற்கு இது சிறந்த உதாரணம். பின்னர் வந்த சீ வகையில் இரு முனையும் ஒன்றே என்பதால் யார் கணினி, யார் சாதனம் என்பதை அவை தமக்குள் பேசித் தீர்மானிக்கின்றன.

7. நடைமுறையில் செய்ய வேண்டியவை

வன்தட்டு, அச்சுப்பொறி போன்றவற்றைக் கணினியின் சொந்தத் துறையிலேயே செருகுங்கள். சாவிப்பலகை, சுட்டி ஆகியவற்றை ஹப்புக்கு விடுங்கள்.

துறைகள் போதாவிட்டால் இரண்டு சிறிய ஹப்புகளைத் தொடுப்பதை விட வலு வழங்கியுடன் கூடிய பெரிய ஹப் ஒன்றை வாங்குவதே மேல்.

ஹப்பில் உள்ள சாதனத்தை எடுக்கும் முன் பணிசெயல் முறைமையில் அதை முறைப்படி விடுவியுங்கள்.

ஹப்பின் வலு வழங்கிக்காகச் சுவரில் ஒரு மல்டி பிளக்கில் இன்னொரு மல்டி பிளக்கைத் தொடுக்க வேண்டாம். ஹப் சங்கிலி 5 வோல்ற்று. பிழைத்தால் கோப்பு போகும். சுவர் மின்சாரம் 230 வோல்ற்று. பிழைத்தால் வடம் சூடாகித் தீப்பிடிக்கும்.

மாதிரி வினாக்கள்

வினா 1: யூ.எஸ்.பி முறைமையில் சாதனங்களின் எண்ணிக்கை 127 ஆக வரையறுக்கப்பட்டது ஏன்?
விடை: முகவரி 7 பிட்டு நீளமானது. 128 எண்களில் 0 ஒதுக்கப்பட்டதால் 127 எஞ்சும். இது ஹப்புகளையும் உள்ளடக்கும்.

வினா 2: ஏழு துறைகள் கொண்ட ஹப்புகள் ஐந்து ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் ஒரு படியை மட்டும் எடுக்கும் எனக் கொண்டு, செருகக்கூடிய சாதனங்களின் எண்ணிக்கையைக் காண்க.
விடை: 4 × 6 + 7 = 31.

வினா 3: ஐந்துக்கு மேற்பட்ட ஹப்புகளைத் தொடுக்க முடியாமைக்கான காரணம் யாது?
விடை: ஒவ்வொரு ஹப்பும் வடமும் சமிக்ஞையைத் தாமதப்படுத்தும். ஐந்துக்கு மேற்பட்டால், கணினி காத்திருக்கும் நேரத்திற்குள் சாதனத்தின் பதில் வந்துசேரும் என உறுதிகூற முடியாது.

வினா 4: வலு வழங்கி இல்லாத இரு ஹப்புகளைத் தொடுத்து, முனையில் வெளி வன்தட்டைச் செருகியபோது அது இயங்கவில்லை. காரணத்தையும் தீர்வையும் எழுதுக.
விடை: முதல் ஹப் துறைக்கு 100 மில்லி அம்பியரே தரும். அது இரண்டாம் ஹப்புக்கே போதுமானது. வன்தட்டைக் கணினியின் துறையில் நேரடியாகச் செருக வேண்டும், அல்லது வலு வழங்கியுள்ள ஹப்பைப் பயன்படுத்த வேண்டும்.

நினைவில் கொள்க: முகவரி 127, படிகள் 7, தொடுக்கக்கூடிய ஹப்புகள் 5, ஒரு வடம் 5 மீற்றர், யூ.எஸ்.பி 2.0 துறைக்கு 500 மில்லி அம்பியர். பரீட்சைக்கு முதல் நாள் இவ்வைந்து எண்களையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரேயும் அதற்கான காரணத்தை உங்கள் சொந்த வசனத்தில் எழுதிப் பாருங்கள். காரணம் எழுத முடியாத எண் எதுவோ, அந்தப் பகுதியை மட்டும் திரும்ப ஒருமுறை வாசியுங்கள்.